அண்ணாவுக்கே ஆகலையே என்பார்கள்



மலருக்காக ஆளுக்கு ஒரு தலைவரைப் பற்றி எழுதச் சொன்னபோது நான் அறிஞர் அண்ணாவைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கட்சி பேச வரலீங்க. நம்ம கூட்டமைப்பில் எல்லாக் கட்சிக்காரர் வீட்டுப் பெண்களும் இருக்கிறோம், அதை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் பாயில் உட்காருகிறோம். நான் எழுதப்போவது அவருடைய வாழ்க்கையும், அதிலும் கடைசி ஐந்து மாதமும்.

காரணம் இருக்கிறது. நம்ம மங்கலம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்ததும் வயசான யாராவது ஒருத்தர் வந்து, முதலமைச்சரா இருந்த அண்ணாவுக்கே அமெரிக்கா போயும் ஆகல, நமக்கு என்ன ஆகிடப்போவுது, இருக்கிற காசை எதுக்கு ஆஸ்பத்திரியில கொட்டறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எங்க ஊட்டுக்காரருக்கு உணவுக்குழாயில் கட்டி என்று தெரிந்த வாரத்தில் மூணு பேர் இதைச் சொன்னார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, பாசத்தில்தான். அண்ணாவுக்கும் அதே உணவுக்குழாய்தான் என்பதால் எனக்கு அது மனசில் தைத்துவிட்டது. அப்படி அவருக்கு என்னதான் நடந்தது என்று தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு. ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருக்கும் நேரம் நிறைய இருந்தது. படித்தேன்.

அண்ணா பிறந்தது 1909 செப்டம்பர் 15, காஞ்சிபுரத்தில். நெசவுக் குடும்பம். அப்பா நடராசன், அம்மா பங்காரு அம்மாள். அவரை அதிகம் வளர்த்தது சிற்றன்னை ராசாமணி. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளை என்று படித்ததும் எனக்கு நம்ம ஊர்ப் பையன் மாதிரி ஆகிவிட்டார். வீட்டில் கஷ்டம், படிப்பை நடுவில் விட்டுக் காஞ்சிபுரம் நகராட்சி ஆபீசில் கொஞ்ச காலம் குமாஸ்தாவாக வேலை பார்த்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார். மாணவராக இருக்கும்போதே 1930-ல் ராணி அம்மையாரைக் கல்யாணம் செய்தார். இவர்களுக்குக் குழந்தை இல்லை. அக்காவின் பேரப்பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள்.

அவர் வாழ்க்கை திரும்பினது நம்ம திருப்பூரில் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது, படித்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். 1934-ல் திருப்பூரில் செங்குந்தர் இளைஞர் மாநாடு நடந்தது. அங்கேதான் பெரியாரை அண்ணா முதலில் சந்தித்தார். கல்லூரிப் படிப்பு முடியும் நேரம். மேலே என்ன செய்யப்போகிறாய் என்று பெரியார் விசாரிக்க, உத்தியோகம் பார்க்க விருப்பமில்லை, பொது வேலைக்கு வரலாம் என்றிருக்கிறேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஒரு நெசவுக் குடும்பத்துப் பையன் அவ்வளவு பெரிய படிப்பு முடித்தால் சர்க்கார் வேலை வீடு தேடி வரும். ராணி அம்மையாருக்கு அப்போது எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. அதைப் பற்றி அதிகம் யாரும் எழுதவில்லை.

பிறகு ஈரோட்டுக்கு வந்து பெரியாரின் பத்திரிகைகளில் வேலை. 1942-ல் சொந்தமாகத் திராவிட நாடு என்ற வார இதழ். நாடகம் எழுதினார், நடித்தார். வேலைக்காரி, ஓர் இரவு, நல்லதம்பி எல்லாம் அவர் எழுதிச் சினிமாவாக வந்தவை. 1949-ல் தனிக்கட்சி தொடங்கினார். அரசியலில் யார் சரி யார் தப்பு என்பதற்குள் நான் போகவில்லை. ஆனால் ஒன்று சொல்லணும். 1953-ல் கைத்தறித் துணி விற்காமல் தேங்கி நெசவாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தபோது, கட்சிக்காரர்களோடு அவரும் துணியைத் தோளில் போட்டுத் தெருவில் இறங்கி விற்றார். திருச்சியில் அவர் விற்றது பெரிய பேச்சாக இருந்ததாம். சரக்குத் தேங்கினால் வீட்டில் அடுப்பு எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

1967 மார்ச்சில் முதலமைச்சர் ஆனார். ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தை முதலில் சென்னையிலும் நம்ம கோவையிலும் தொடங்கினார், பணமில்லாததால் எல்லா ஊருக்கும் கொண்டுபோக முடியவில்லை. அதே வருஷம் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் வந்தது. புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிச் செய்த கல்யாணமும் செல்லும், அதற்கு முன்னாடி நடந்ததும் செல்லும் என்று ஆனது. இதை ஒரு பெண்ணாகப் பாருங்க. அந்த மாதிரிக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க அதுவரைக்கும் சட்டத்தின் கண்ணில் பொண்டாட்டியே கிடையாது. புருஷன் செத்தால் சொத்துக்கு வழக்கு, பிள்ளைகளுக்குப் பேச்சு.

1968 ஏப்ரல், மே மாதங்களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அழைத்துப் போய் வந்தார். நல்லாத்தான் இருந்தார். சில மாதத்திலேயே சாப்பாடு விழுங்க முடியவில்லை. சோதித்தபோது உணவுக்குழாயில் புற்றுநோய்.

இந்த நோய் வருவது இப்படித்தானுங்க. முதலில் சோறு நெஞ்சில் நிற்கும், தண்ணி குடிச்சா இறங்கும். கேஸ் என்று நினைத்துச் சோடா குடிப்போம். அப்புறம் இட்லி நிற்கும், அப்புறம் கஞ்சிதான் இறங்கும். குழாய் ரப்பர் மாதிரி விரிந்து கொடுக்கிறதாலே, சோறு நிற்கிற அளவுக்கு வரும்போது கட்டி பெரிய இடத்தைப் பிடித்திருக்கும். எங்க ஊட்டுக்காரர் தறி ஓட்டறவரு. ராத்திரி ஷிப்டில் தூக்கம் வரக்கூடாதென்று வாயில் புகையிலை அடக்கிய பழக்கம் இருபது வருஷம். அண்ணாவுக்கும் வெற்றிலை, புகையிலை, பொடி எல்லாம் பழக்கம், நோய்க்கு அதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். நம்ம குழுக்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பொகையில கேட்டு முந்தானை நீளுவதை நானும் பார்க்கிறேன், நீங்களும் பார்க்கிறீங்க. இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல.

செப்டம்பரில் நியூயார்க் கொண்டுபோனார்கள். மெமோரியல் ஆஸ்பத்திரியில் டாக்டர் மில்லர் என்பவர் அறுவை சிகிச்சை செய்தார். அறுவைக்கு முன்னாடி, கையிலிருந்த புத்தகத்தை முடிக்க ஒருநாள் தள்ளிவைக்கக் கேட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, எனக்கு அது நம்பும்படியாகவே இருந்தது. எங்க ஊட்டுக்காரர் அறுவைக்கு முந்தின நாள் ராத்திரி, பாவு தீரப்போகுது, ஓனருக்குப் போன் போட்டுச் சொல்லு என்று என்னை விரட்டினார். பயம் ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு வேஷத்தில் வரும்.

நவம்பரில் அண்ணா சென்னை திரும்பினார். ஊரே சந்தோஷப்பட்டது. முதலமைச்சர் பிழைத்து வந்துவிட்டார், முடிந்தது என்று.

இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நின்று எழுத வேண்டியிருக்கிறது. அறுவை முடிந்தது என்றால் எல்லாம் முடிந்தது என்று நாமும் நினைக்கிறோம். எங்க வீட்டிலும் அப்படித்தான். கோவையில் ஒரு ஆஸ்பத்திரியில் அறுவை. கெட்டுப்போன குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய் மாதிரி ஆக்கி மேலே இழுத்துக் கழுத்துக்கிட்ட சேர்த்துத் தைத்தார்கள். பதினாலாம் நாள் வீட்டுக்கு வந்தோம். சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்தார்கள். ஒன்பதாம் நாள் குளிர் காய்ச்சல், மூச்சு வாங்கியது. தைத்த இடத்தில் கசிவு. மறுபடி இருபத்தியொரு நாள். வாயால் ஒரு சொட்டுத் தண்ணி கூடக் கூடாது. குடலில் போட்ட டியூப் வழியாகத்தான் கஞ்சித் தண்ணியும் பாலும். அது ஆறி வீட்டுக்கு வந்தால் ரெண்டு மாதத்தில் மறுபடி சோறு நிற்க ஆரம்பித்தது. நோய் திரும்பிடுச்சு என்று நான் நினைத்துவிட்டேன். இல்லை, தையல் ஆறின இடம் சுருங்கிப்போச்சாம். எண்டோஸ்கோப்பி மாதிரிக் குழாய் விட்டு விரித்துவிட்டார்கள். அது ஒரு தடவையில் முடியாது. மூணு தடவை. நடுவில் ஒருமுறை ராத்திரி தூக்கத்தில் சாப்பிட்டது மேலேறி நுரையீரலில் போய் நிமோனியா.

ஆக மொத்தம் ஆறு தடவை படுக்கை. ஒவ்வொரு தடவையும் பையைத் தூக்கிக்கொண்டு மங்கலம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, மறுபடியுமா என்று கேட்பார்கள். நாம ஏதோ சரியாகப் பார்த்துக்கொள்ளாத மாதிரி. டாக்டரம்மா ஒருத்தர்தான் சொன்னார், இந்த அறுவையில் கசிவதும் சுருங்குவதும் வரக்கூடியதுதான், வந்தால் பார்க்கத்தான் நாங்கள் இருக்கிறோம், யார் தப்பும் இல்லை என்று. அன்றைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்.

அண்ணா கதைக்கு வர்றேன். திரும்பி வந்தவரை டாக்டர்கள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். எங்கே கேட்டார்? நம்ம மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க அவர் 1967 ஜூலையில் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்திருந்தார். அது நாடாளுமன்றத்திலும் நிறைவேறி, அதற்கு எடுத்த விழாவுக்கு உடம்பு முடியாமலே போய்ப் பேசினார். டிசம்பர் 25-ம் தேதி கீழ்வெண்மணியில் குடிசைக்குள் வைத்து 44 பேரை எரித்த கொடுமையும் அவர் அப்படி நோயோடு பதவியில் இருந்தபோதுதான் நடந்தது. 1969 ஜனவரி 14, பொங்கல் அன்றுதான் தமிழ்நாடு என்ற பெயர் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் தியாகராய நகரில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சிலையைத் திறந்துவைத்தார். பொது நிகழ்ச்சி என்று அவர் வந்தது அதுதான் கடைசி.

இதைப் பெரிய தியாகமாக எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஆறு தடவை ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தவளாக எனக்கு வேறு மாதிரித் தோணுது. பக்கத்தில் இருந்தவர்கள் அவரைக் கட்டிப்போட்டாவது உட்கார வைத்திருக்கலாமே என்று. எங்க ஊட்டுக்காரரும் டியூப் எடுத்த மூணாம் வாரம் தறிக்குப் போகிறேன் என்று சைக்கிளை எடுத்தார். சட்டையைப் பிடித்து இழுத்து உள்ளே கூட்டி வந்தேன். முதலமைச்சரை யார் இழுப்பார்கள்? இன்னொரு பக்கம் பார்த்தால், வேலை இல்லாமல் படுத்தே கிடந்தால் ஆம்பளைங்க பாதி அதிலேயே போயிடுவாங்க. பிறகு தினம் அரைமணி நேரம் தறிக்குடோனில் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வர விட்டேன். அப்புறம்தான் முகத்தில் களை வந்தது.

ஜனவரியிலேயே அண்ணாவுக்கு மறுபடி முடியாமல் போனது. இந்தமுறை சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அந்த ஆஸ்பத்திரி ஒரு பெண் கட்டியது என்பதை இங்கே சொல்லாமல் போக மனசு வரல. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பையன்கள் மட்டும் படித்த கல்லூரியில் ஒற்றைப் பெண்ணாகச் சேர்ந்து, பிறகு சென்னையில் டாக்டருக்குப் படித்தவர். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் போராடினவர். அவருடைய தங்கைக்கு வயிற்றுப்போக்கு என்றே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது புற்றுநோய் என்று தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. 1923-ல் இறந்துபோனார். அக்காவே டாக்டர், அப்படியும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துக்கத்தை முப்பது வருஷம் சுமந்து, ஊரெல்லாம் கையேந்தி, எதுக்கு இந்த நோய்க்கு ஒரு ஆஸ்பத்திரி, இது வந்தால் சாவுதானே என்று கேட்ட அதிகாரிகளோடு மல்லுக்கட்டி, 1954-ல் 12 படுக்கையோடு அதைத் திறந்தார். 1968 ஜூலையில் அவர் காலமானார். ஆறு மாதம் கழித்து அங்கேதான் அண்ணா வந்து படுத்தார்.

நியூயார்க்கில் அறுவை செய்த அதே டாக்டர் மில்லரையும் வரவழைத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஜனங்கள் இரவு பகலாக நின்றார்கள். பிப்ரவரி 3, நள்ளிரவு தாண்டிய நேரத்தில் அண்ணா இறந்துபோனார். வயசு 59. அடக்கத்துக்கு வந்த கூட்டம் ஒன்றரைக் கோடி என்று கின்னஸ் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கூட்டத்தை விட, செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் நல்லாயிடும், இல்ல நல்லாகாது என்று மாறி மாறி ஊசலாடின ராணி அம்மையார்தான் மனசில் நிற்கிறார். முதலமைச்சர் வீட்டிலும் ஆஸ்பத்திரிப் பை கட்டி வைத்துத்தான் இருந்திருப்பார்கள்.

சரி, அண்ணாவுக்கே ஆகலையே என்ற பேச்சுக்கு வருவோம். அவருக்கு ஆகவில்லைதான். ஆனால் அது 1968. சி.டி. ஸ்கேன் என்ற மெஷினே 1971-ல்தான் முதன்முதலில் லண்டனில் ஒரு நோயாளிக்கு எடுத்தார்கள். கட்டி எதுவரை போயிருக்கிறது என்று திறந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியும் என்ற காலம். எங்க ஊட்டுக்காரருக்கு அறுவைக்கு முன்னாடியே கீமோவும் கதிரும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கினார்கள். அந்தக் கீமோ மருந்துகள் அப்போது ஆஸ்பத்திரிகளிலேயே கிடையாது. அன்றைக்கு முதலமைச்சரே கடல் தாண்டிப் போன அறுவையை இன்றைக்கு ஒரு தறிக்காரருக்கு, நம்ம ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் செய்கிறார்கள். இப்போதும் இது பொல்லாத நோய்தான், அதை மறைக்க மாட்டேன். எங்களோடு அதே வார்டில் இருந்த இரண்டு பேர் இன்றைக்கு இல்லை. இவருக்கு ரெண்டரை வருஷம் ஓடியிருக்கிறது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது, டாக்டரும் சொல்லவில்லை.

எனக்குக் கை கொடுத்த சில விஷயத்தை எழுதுகிறேன், யாருக்காவது ஆகும். ஒரு நாப்பது பக்க நோட்டுப் போட்டேன், நம்ம குழுத் தீர்மான நோட்டு மாதிரியேதான். தேதி, எடை, காய்ச்சல், என்ன சாப்பிட்டார், எது நின்றது, எந்த மாத்திரை. ஆஸ்பத்திரியில் புது டாக்டர் வந்து முதலிலிருந்து கேட்டால் நோட்டை நீட்டிவிடுவேன். டிஸ்சார்ஜ் சீட்டுகளும் ஸ்கேனும் ஒரே பையில், எப்போதும் கதவுக்குப் பின்னால் தொங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினோம், நிமோனியா வந்த பிறகு டாக்டர் சொன்னது. மூணு வேளைச் சாப்பாட்டை ஆறு வேளையாக்கி, கைப்பிடி கைப்பிடியாகக் கொடுத்தேன், சாப்பிட்டதும் படுக்க விடமாட்டேன். டியூப் இருந்தவரை கஞ்சி விடுவதற்கு முன்னும் பின்னும் வெதுவெதுப்பான தண்ணி விட்டுக் கழுவணும், இல்லாட்டி அடைச்சுக்கும். காய்ச்சலோ மூச்சு வாங்குவதோ வந்தால் விடியட்டும் என்று பார்க்காமல் கிளம்பிவிடுவோம்.

பணம் பற்றியும் சொல்லணும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அறுவைக்கும் கீமோவுக்கும் கை கொடுத்தது. ஆனால் பஸ் செலவு, துணைக்கு இருப்பவர் சாப்பாடு, இவருடைய கூலி போனது, பனியன் கம்பெனியில் எனக்கு செக்கிங் பீஸ் ரேட் போனது, இதெல்லாம் எந்த அட்டையிலும் வராது. எங்க குழுவில் உள்கடன் இருபதாயிரம் கொடுத்தார்கள், ஆறு மாதம் அசல் கேட்கவில்லை. அதைவிடப் பெரிசு, நாலு பேர் முறை போட்டுக்கொண்டு வந்து ராத்திரி ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். நான் வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்து, பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டைப் பார்த்துவிட்டுப் போக அதுதான் வழி. கசிவு வந்த அந்த இருபத்தியொரு நாளில் ஒன்பது ராத்திரி எங்க குழு அக்காமார்தான் அவரைப் பார்த்தார்கள். கூட்டமைப்புக் கூட்டத்தில் இதை ஒரு ஏற்பாடாகவே, எல்லாக் குழுவுக்கும் சேர்த்துச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில் பொருளில் வருகிறது, தவறாமல் வாங்க.

காப்பீட்டு அட்டை இன்னும் எடுக்காதவர்கள் நோய் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் அட்டைக்கென்று இருக்கும் இடத்துக்குப் போகணும். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்க, மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் கூட வருகிறேன்.